நெருப்போடு ஓடும் பேய்கள்: கத்தலோனியத் தெருவிழா ஒன்றின் வரலாறு

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கு மூலையில், பிரனீசு மலைத்தொடருக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே, கத்தலோனியா என்னும் நிலப்பகுதி உள்ளது. பார்சிலோனா அதன் தலைநகர். ஏறத்தாழ எண்பது இலட்சம் மக்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்தம் மொழி கத்தலான். அது ஸ்பானிய மொழியின் கிளைமொழி அன்று. இலத்தீனிலிருந்து தனியே கிளைத்துத் தனக்கென இலக்கியமும் இலக்கணமும் வளர்த்துக்கொண்ட மொழி. வலென்சியாவிலும் பலேயாரித் தீவுகளிலும் அது வழங்குகிறது. அந்தோரா என்னும் சிறு மலைநாட்டில் அதுவே ஆட்சிமொழி. இந்த மக்களிடையே வழங்கும் விழாக்களுள் வெளியூரார் முதன்முறை காணும்பொழுது திடுக்கிட்டு நிற்பது ஒன்று உண்டு. கொர்ரபோக் என்பது அதன் பெயர். ‘கொர்ரெ’ என்றால் ஓடுதல். ‘போக்’ என்றால் நெருப்பு. நெருப்போட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த இரவைச் சற்றே மனக்கண்முன் கொண்டுவருவோம். கடைக்காரர்கள் கண்ணாடி முகப்புகளைப் பலகையும் அட்டையும் வைத்து மறைத்துவிட்டனர். வண்டிகளை முன்னதாகவே அப்புறப்படுத்தியாயிற்று. தெருவில் நிற்போர் கோடைக்காலம் என்றும் பாராமல் நீண்ட கைச்சட்டை அணிந்து, தலையில் தொப்பியோ துணியோ கட்டி, கழுத்தைக் கைக்குட்டையால் சுற்றி நிற்கின்றனர். எல்லாம் பருத்தித் துணி. செயற்கை நூலாடை தீப்பொறி பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பது அவ்வூர்ச் சிறுவருக்கும் தெரியும். தொலைவில் முரசொலி எழுகிறது. விளக்குகள் அணைகின்றன. கொம்பு வைத்த முக்காடும் சாக்குத்துணி அங்கியும் பூண்ட பேய்க்கூட்டம் ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு பேயின் கையிலும் ஒரு நீண்ட தண்டு அல்லது கவைக்கோல். அதன் முனையில் வாணங்கள். ஒருவர் மற்றவருக்குத் தீ கொடுக்கிறார். மறுகணம் வாணம் சுழலத் தொடங்கித் தலைக்குமேல் குடை விரித்தாற்போலப் பொன்னிறப் பொறிகளைக் கொட்டுகிறது. இறுதியில் ஒரு பேரொலி. பிறகு புகையும் கந்தக நெடியும்.

இவ்வளவில் நின்றால் இதுவும் ஒரு வாணவேடிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால் பார்க்க வந்தோர் ஓடி ஒளிவதில்லை. அந்தப் பொறிக்குடையின் கீழ் குனிந்து புகுந்து, பேய்களோடு பேய்களாய்க் குதித்து ஆடுகின்றனர். சிலர் வழியை மறித்து நின்று பேயை மேலே விடாமல் தடுக்கின்றனர். பேய் அவர்கள்மேலேயே தண்டைச் சாய்க்கிறது. வெப்பம் பொறுக்காதவர் மாடிகளை நோக்கித் தண்ணீர், தண்ணீர் என்று கூவுவது பழைய வழக்கம். ஈரம் பட்ட வாணம் கெட்டு, எதிர்பாராதவாறு வெடிக்கக்கூடும் என்பதால் ஊராட்சியினர் நீர் ஊற்ற வேண்டாவென்று இப்பொழுது ஆண்டுதோறும் அறிவிக்கின்றனர். மறுநாள் காலையில் சட்டையில் எத்தனை சிறு துளைகள் என்று எண்ணிப் பெருமை பேசுவது இளைஞரின் வழக்கம்.

பேய்களின் கருவிகளைப்பற்றியும் இரண்டொரு சொல் சொல்லவேண்டும். வாணத்திற்குக் கர்ரெத்தில்யா என்று பெயர். வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றும் சேர்ந்த பழைய வெடிமருந்தே அதன் அடிப்படை. குழாயினுள் இறுக அடைத்த மருந்து மெல்ல எரியும்போது பொறி சொரியும். கடைசியில் வைத்த மருந்து வெடித்து ஒலியெழுப்பும். தண்டின் முனையிலுள்ள ஆணியில் இது மாட்டப்பட்டிருப்பதால் எரியும் வேகத்தில் தானே சுழல்கிறது. நம் சிறுவர் கொளுத்தும் தரைச்சக்கரத்தைத் தூக்கிக் கம்பின் நுனியில் வைத்தாற்போல என்று கொள்க. சாதாரணப் பேய்களின் தண்டு மாசா எனப்படும். தலைவனாகிய லூசிபெர் ஏந்தும் செங்கோல் அதனினும் பெரியது. பல வாணங்களை ஒருங்கே தாங்குவது. அங்கி எப்பொழுதும் முரட்டுத் துணியே. அதன்மேல் பாம்பு, தேள், தீநாக்கு முதலிய உருவங்களைச் சாயத்தால் தீட்டியிருப்பர். அழகிற்காக மட்டும் சாக்குத்துணியைத் தேர்ந்தார்கள் என எண்ணற்க. அத்துணி முதலில் கருகும். உடனே பற்றி எரியாது. பழைய அங்கியில் தீப்புள்ளி மிகுந்தால் மதிப்பும் மிகும்.

சொல்லாராய்ச்சியில் விருப்பமுள்ள ஆசிரியர்களுக்கு இவ்விழாவில் நல்ல விருந்து உண்டு. பேயைக் கத்தலான் மொழியில் தியாப்லெ என்பர். கிரேக்க மொழியில் தியாபோலோசு என்பது அதன் மூலம்; பழிதூற்றுபவன் என்பது பொருள். இதனை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர்ப் பயன்படும். லூசிபெர் என்பது இலத்தீன். ஒளியைக் கொணர்பவன் என்று பொருள். விடிவெள்ளிக்கு வழங்கிய பெயர், வீழ்ந்த தூதனுக்கு ஆயிற்று. தீக்கோலைத் தூக்கிக்கொண்டு முன்னே வரும் பேய்த்தலைவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன? பேய்களுக்கு முன்னே முழங்கும் முரசுக்குத் தபால் என்று பெயர். நம் அஞ்சலுக்கும் அதற்கும் உறவில்லை. அரபு மொழியில் முரசைக் குறிக்கும் தப்ல் என்னும் சொல்லே ஐபீரிய நாட்டிற்குச் சென்று இவ்வாறு திரிந்தது. அதே அரபுச் சொல்தான் இந்தியாவில் தபேலா ஆனது. மலாய் மொழியில் அரசருக்கு முடிசூட்டுவதைத் தாபால் என்கிறோமல்லவா? அரச முரசு முழங்க நடைபெறும் சடங்கு ஆதலால், முரசின் பெயரே சடங்கிற்கும் ஆகிவந்தது. பார்சிலோனாவின் பேய்முரசும், இசையரங்கின் தபேலாவும், மலாய் அரசரின் முடிசூட்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதை வகுப்பில் சொன்னால் மாணவர் மறக்கமாட்டார்கள்.

1150 ஆம் ஆண்டுக் கதை

நிற்க. இவ்விழா எத்துணைப் பழமையானது? கத்தலோனியாவில் யாரைக் கேட்டாலும் 1150 என்ற ஆண்டைச் சொல்வர். அவ்வாண்டில் பார்சிலோனாக் கோமகன் நான்காம் ராமோன் பெரெங்கேர், அரகோன் நாட்டு இளவரசி பெத்ரோனிலாவை லெய்தா நகரில் மணந்தான். அந்நகரை முசுலீம்களிடமிருந்து அவன் கைப்பற்றி ஓராண்டுகூட நிறையவில்லை. இளவரசிக்கு அப்பொழுது வயது பதினான்கு. ஒரு வயதுக் குழந்தையாயிருந்தபோதே 1137 இல் நிச்சயம் செய்யப்பட்ட திருமணம் அது. அம்மணவிருந்தின்போது, பந்திக்கும் பந்திக்கும் இடையே, லூசிபெர் தலைமையில் ஒரு பேய்க்கூட்டமும் அதிதூதர் மிக்கேல் தலைமையில் தேவதூதர் கூட்டமும் போரிடும் காட்சி ஆடிக் காட்டப்பட்டதாம். இதுவே பேயாட்டத்தின் பிறப்பு என்பர்.

கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் இச்செய்தி பிற்காலத்தார் எழுத்தின் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. ஆராய்ச்சியாளர் பலர் இதனை ஐயத்தோடுதான் நோக்குகின்றனர். அவர்கள் ஐயத்தை விட்டுவிட்டாலும், வேறொரு தடை எழுகின்றது. பேயாட்டத்திற்கு உயிர் வெடிமருந்து. சீனாவில் 1044 ஆம் ஆண்டுப் போர்நூல் ஒன்றிலேயே வெடிமருந்தின் கலவை எழுதப்பட்டுள்ளது. ஆனால் மேலை ஐரோப்பாவில் அதைப்பற்றிய தெளிவான குறிப்பு 1267 ஆம் ஆண்டளவில்தான் தோன்றுகிறது. இங்கிலாந்துத் துறவி ரோஜர் பேக்கன் அதனை எழுதினார். கட்டைவிரல் அளவேயுள்ள சிறுபொதி, இடியினும் மிக்க ஒலியும் மின்னலினும் மிக்க ஒளியும் எழுப்புகிறது என்று அவர் வியக்கிறார். மருந்தின் உயிர்ப்பொருளாகிய வெடியுப்பைச் சீனப்பனி என்று குறித்த இபின் அல்பைத்தார் என்னும் மருத்துவர் ஐபீரிய நாட்டில் பிறந்தவரே. ஆனால் அவரும் பதின்மூன்றாம் நூற்றாண்டினர், 1248 இல் மறைந்தவர். ஆகவே 1150 இல் லெய்தாவில் பேய்கள் ஆடியிருந்தாலும், இன்று நாம் காணும் பொறிக்குடை அங்கே விரிந்திருக்க வழியில்லை. பந்தமும் கொள்ளியும் ஏந்தி ஆடியிருக்கலாம். அவ்வளவே.

ஊர்ப்பெருமை பேசுவோர் பழமையைக் கூட்டிச் சொல்வது எந்நாட்டிலும் உள்ளதுதான். அதற்காகக் கத்தலோனியரைக் குறை கூறுதற்கில்லை. சான்றுள்ள பழமையே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது என்பதுதான் என் கருத்து.

சான்று எங்கே தொடங்குகிறது? பாப்பரசர் நான்காம் உர்பான் 1264 இல் நற்கருணைத் திருநாளைத் திருச்சபை முழுமைக்கும் ஏற்படுத்தினார். பார்சிலோனாவில் அத்திருநாளின் பவனி 1320 ஆம் ஆண்டளவில் தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் மிகப் பழைய பவனிகளுள் அதுவும் ஒன்று. நகரத்தின் தொழிற்குழுக்களும் கோவில் பங்குகளும் தத்தம் பொறுப்பில் விவிலியக் காட்சிகளை ஊர்வலமாகக் கொண்டு சென்றன. எழுத்தறியாத மக்களுக்கு மறையைக் கண்வழிப் புகட்டுவது திருச்சபையின் நோக்கம். 1424 ஆம் ஆண்டுப் பவனியின் விவரம் பார்சிலோனாவின் நகராட்சி ஏட்டில் பதிவாகியுள்ளது. தாவீதும் அரக்கனும், கழுகு, பறவைநாகம், பேய்களோடு பொரும் மிக்கேல் எல்லாரும் அதில் வருகின்றனர். அன்றைய நோக்கில் பேய் தோற்பதற்காகவே தெருவுக்கு வந்தான். வெடித்து, அலறி, இறுதியில் தூதரின் ஈட்டிக்கு இரையாகி விழவேண்டும். காண்போர் நெஞ்சில் நரகத்தின் அச்சம் பதியவேண்டும்.

நெஞ்சில் பதிந்தது அச்சமா என்பது வேறு கேள்வி. பாவக் காட்சியைப் பார்க்கவே கூட்டம் முண்டியடித்தது. நற்கருணையைவிட அரக்கர் பொம்மையும் பேயாட்டமும் மக்கள் மனத்தைக் கவர்வதாகப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆயர்களும் அரசு அலுவலரும் முறையிடலாயினர். அறிவொளிக் காலத்து மன்னர் மூன்றாம் கார்லோசு 1780 இல் ஓர் ஆணை பிறப்பித்தார். பவனிகளில் அரக்கர் பொம்மைகளும் ஆட்டங்களும் கூடாவென்று அவ்வாணை தடுத்தது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ஆட்டங்கள் அத்தோடு அழிந்தன. பேயாட்டம் அழியவில்லை. கோவில் பவனியை விட்டு இறங்கி, ஊரின் காவற்புனிதருக்கு எடுக்கும் பெருவிழாவில் புகுந்துகொண்டது. திருச்சபையின் கையிலிருந்து ஊராரின் கைக்குப் பேய் மாறிய நிகழ்ச்சி இது. இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே என்பேன், 1150 அன்று.

பழிதூற்றும் பேய்

பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே பெனெதேஸ் என்னும் திராட்சைத் தோட்ட நிலம் உள்ளது. அதற்கப்பால் தர்ரகோனாச் சமவெளி. பேயாட்டம் அறாது தொடர்ந்த நிலம் இதுதான். வில்லபிராங்காவில் ஆகத்து மாத இறுதியில் பெலிக்சு புனிதருக்கும், கடற்கரையூராகிய சிட்ஜெசில் ஆகத்து 24 இல் பர்த்தலமேயு புனிதருக்கும் எடுக்கும் விழாக்களில் பேய்களே ஊர்வலத்தின் முன்வரிசை. இங்கே ஆடுவோருக்குத் தனித்தனி வேடம் உண்டு. லூசிபெர், அவன் துணைவியாகிய பேய்ச்சி, சாதாரணப் பேய்கள், எதிர்த்து நிற்கும் தேவதூதன் என்று பலர். பேய்ச்சியின் வேடத்தை மரபுப்படி ஆண்மகனே பூண்பான். சேலைகட்டி ஆடும் நம் கூத்துக்காரரைப் பார்த்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இவ்வூர்களின் தனிச்சிறப்பு நெருப்பன்று, பேச்சு. ஆட்டம் இடையில் நிற்கும். முரசு அடங்கும். ஒவ்வொரு பேயும் முன்னே வந்து எதுகையோடு கூடிய சிறுபாட்டு ஒன்றை உரத்த குரலில் சொல்லும். வெர்சோட் என்பர் இதனை. கரடுமுரடான செய்யுள் என்ற குறிப்பு அச்சொல்லிலேயே உண்டு. பாட்டின் பொருள் ஆண்டுக்காண்டு மாறும். குழாயில் தண்ணீர் வராதது, நகராட்சித் தலைவரின் வீண்செலவு, மாட்ரிட் அமைச்சரின் பொய், அடுத்த ஊர்க்காரரின் கஞ்சத்தனம் எதுவும் தப்பாது. சொல்லி முடித்தவுடன் வாணம் வெடிக்கும், சிரிப்பும் வெடிக்கும். சாடப்பட்ட பெரியமனிதர் முன்வரிசையில் நின்று சிரிக்கவேண்டும். சினங்காட்டினால் அடுத்த ஆண்டும் அவரே பாட்டுப்பொருள். பழிதூற்றுபவன் என்னும் கிரேக்கப் பெயர்ப்பொருள், யாரும் திட்டமிடாமலே, பெனெதேசுத் தெருக்களில் நிறைவேறிவிட்டது. ஓராண்டு முழுதும் வாய்திறக்க இயலாத எளியவன் சாக்குத்துணிக்குள் புகுந்துகொண்டு ஒருநாள் பேசுகிறான். பேசியவன் அவனல்லன், பேய்.

வடக்கே, பிரனீசு மலையடிவாரத்தில் பெர்கா என்றொரு சிற்றூர் உண்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 17,000. அங்கே நற்கருணைத் திருநாளையொட்டி நடைபெறும் பத்தூம் விழா வேறு வகையில் பழமையைக் காத்துவைத்திருக்கிறது. முரசின் ஒலியே விழாவின் பெயராயிற்று: பத்-தூம், பத்-தூம். துருக்கர், குதிரைவீரர், கழுகு, அரக்கர், குள்ளர், நீண்ட கழுத்தும் தீயுமிழும் வாயும் கொண்ட கோவேறு கழுதை என ஒவ்வொன்றும் தனக்குரிய இசையோடு சதுக்கத்தில் ஆடும். மிக்கேல் இங்கே இன்னும் ஈட்டியோடு வந்து பேய்களைக் குத்தி வீழ்த்துகிறார். இரவு முற்றியபின் நடப்பதுதான் விழாவின் உச்சம். ஏறக்குறைய நூறு பேர் பேய்வேடம் பூண்டு சான் பெரெ சதுக்கத்தில் பரவி நிற்பர். அவர்களுக்குப் பிளென் என்று பெயர். நிறைந்தவர் என்று பொருள். நெருப்பு நிறைந்தவர் என்று கொள்ளல் வேண்டும். தலையிலும் வாலிலும் வெடிகள் செருகியிருக்கும். முகத்தையும் கழுத்தையும் சுற்றிப் பச்சைக் காட்டுக்கொடியை அடர்த்தியாகக் கட்டியிருப்பர். பச்சிலையின் ஈரமே அவர்களுக்குக் கவசம். ஒவ்வொருவரையும் கைப்பிடித்து நடத்த ஒரு துணையாள் உண்டு. விளக்குகள் அணைந்து, நூறு பேர்மேலும் ஒரே நேரத்தில் தீ மூட்டப்படும். சதுக்கமோ சிறியது, கூட்டமோ நெருக்கம். சில நிமிடங்கள் பேயும் மக்களும் ஒன்றாகவே சுழல்வர். யுனெசுகோ நிறுவனம் 2005 இல் பத்தூமை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. 2008 இல் புதிய பட்டியலிலும் சேர்த்தது.

சர்வாதிகாரமும் விடுதலையும்

இனி அரசியலைத் தொடாமல் மேலே செல்ல இயலாது. 1714 செப்டம்பர் 11 இல் பார்சிலோனா மன்னர் ஐந்தாம் பெலிப்பேயின் படைகளிடம் வீழ்ந்தது. அதனை அடுத்துக் கத்தலோனியாவின் பழைய மன்றங்களும் சட்டங்களும் கலைக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொழி மறுமலர்ச்சி தோன்றியது. 1859 இல் மலர்ப்போட்டி என்னும் கவியரங்கம் மீண்டும் ஏற்பட்டது. 1913 இல் எழுத்துமுறை ஒழுங்குபடுத்தப்பட்டது. 1932 இல் பொம்பேவு பாப்ராவின் அகராதி வெளிவந்தது. 1939 சனவரி 26 இல் தளபதி பிராங்கோவின் படைகள் பார்சிலோனாவுள் புகுந்தன. பள்ளியிலும் அலுவலகத்திலும் கத்தலான் மொழிக்கு இடமில்லாமற் போயிற்று. பழைய ஊர்களில் பேயாட்டம் தொடர்ந்தது. நாட்டுப்புறக் கலை என்றால் ஆட்சியாளர் பொறுத்துக்கொண்டனர். ஆனால் ஆள்வோரைக் குத்திக்காட்டும் பேய்ப்பாட்டுக்கு அங்கே என்ன இடம்? நெருப்பு இருந்தது, நாக்கு இல்லை.

அந்த இருண்ட ஆண்டுகளில் ஒரு மனிதர் செய்த பணியை இங்கே நினைத்தல் தகும். ஜோவான் அமாதெஸ் (1890–1959) கல்லூரி காணாதவர். கண்பார்வை மிகக் குறைந்தவர். பழம்புத்தகக் கடையில் பிழைப்புத் தொடங்கி, ஊர் ஊராய்க் கேட்டறிந்த பாட்டு, பழமொழி, சடங்கு, ஆட்டம் ஆகிய அனைத்தையும் தொகுத்தார். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் உரிய வழக்கங்களைக் கூறும் அவருடைய கத்தலான் வழக்கத் தொகுதி 1950 முதல் 1956 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. ஆராய்ச்சியில் அவர் கண்டிப்பானவர் அல்லர். கேட்டதையெல்லாம் எழுதினார், சிலபோது மிகைப்படுத்தவும் செய்தார் என்று பின்வந்தோர் குறை கூறுவர். குறை உண்மைதான். ஆனால் பின்னாளில் ஒவ்வோர் ஊராரும் தம் பழைய ஆட்டத்தைத் தேடியபொழுது முதலில் புரட்டியது அந்நூலைத்தான்.

தேடவேண்டிய நாளும் வந்தது. 1975 நவம்பர் 20 இல் பிராங்கோ மறைந்தார். 1979 ஏப்பிரல் 3 இல் நாற்பதாண்டு இடைவெளிக்குப்பின் நகராட்சிகளுக்கு மக்கள் வாக்களித்தனர். புதிய நகராட்சிகள் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று, தெருவை மக்களுக்குத் திருப்பித் தந்தது. அதுவரை தெருவில் பலர் கூடினால் காவலர் வருவர். அவ்வாண்டு செப்டம்பரில், பார்சிலோனாவின் காவல் அன்னையாகிய மெர்சே மாதாவின் விழாவில், பல ஊர்ப் பேய்க்குழுக்களையும் தீயுமிழும் விலங்குருவங்களையும் அழைத்து ஓர் இரவு ஊர்வலம் நடத்தினர். கொமெதியான்ஸ் முதலிய தெருநாடகக் குழுக்களின் ஊக்கமும் அக்காலத்தில் இதற்குத் துணைநின்றது. அழைத்தவர் எண்ணியது, மக்கள் ஓரமாக நின்று பார்ப்பர் என்பது. மக்களோ நெருப்புக்குள் பாய்ந்தனர். அன்று பிறந்ததே கொர்ரபோக்.

சில ஆண்டுகளில் அது காட்டுத்தீபோல் பரவிற்று. பேயாட்டம் என்பதையே அறியாத தொழிற்சாலைப் புறநகர்கள் தமக்கெனக் குழு அமைத்துக்கொண்டன. தென் ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்து குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகள் அக்குழுக்களில் சேர்ந்தனர். கத்தலான் மொழியைப் பள்ளியில் கற்பதற்குமுன் பேய்முரசின் அடியைக் கற்றவர் பலர். பழைய ஆட்டங்கள் ஆண்களுக்கே உரியவை. புதிய குழுக்களில் பெண்கள் தொடக்கமுதலே தண்டேந்தினர். பார்சிலோனாவில் நெடுங்காலம் வியா லாயெத்தானா என்னும் அகன்ற வீதியில் நடந்த பெருவிழாவில், நரகத்தின் வாயில் என ஒன்றை அமைத்து, அது திறக்கப் பேய்கள் வெளிவருவதாகக் காட்டுவர்.

அப்படியானால் இது மரபா, புதுமையா? 1979 இல் பிறந்ததை மரபு என்றல் பொருந்துமோ என்று வினவுவோர் கத்தலோனியாவிலேயே உள்ளனர். பெனெதேசின் பழைய குழுவினர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கொர்ரபோக்கில் பாட்டு இல்லை, நாடகம் இல்லை, எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஓட்டம். பழைய முரசடிக்குப் பதிலாகப் பிரேசில் நாட்டுத் தாளங்கள் பல குழுக்களில் புகுந்துவிட்டன. உள்ளூர் வேறுபாடுகளே நாட்டுப்புறக் கலையின் உயிர் என்றால், அந்த உயிரை இது சற்றே நெரிக்கத்தான் செய்கிறது.

மறுபக்கமும் பார்க்கவேண்டும். வாணமும் தண்டும் சாக்குத்துணியும் பெயர்களும் பழையவையே. சேர்த்த முறைதான் புதிது. அன்றியும், இன்னொரு வேறுபாடு என் கண்ணை உறுத்துகிறது. கொர்ரபோக்கில் தேவதூதனைக் காணோம். மிக்கேல் வருவதில்லை, பேயை யாரும் குத்தி வீழ்த்துவதில்லை. 1424 இல் தோற்பதற்காகத் தெருவுக்கு வந்த பேய், 1780 இல் கோவிலைவிட்டு விலக்கப்பட்டு, 1979 இல் தன்னைக் கொல்வோன் இல்லாத தெருவில் மக்களோடு கைகோத்து ஆடுகிறது. நாற்பதாண்டு அடக்குமுறையினின்று அப்பொழுதுதான் வெளிவந்த மக்கள், ஒழுங்கைக் காக்க வந்த வாளேந்திய தூதனை அழைக்க மறந்தது தற்செயலாகத்தான் நடந்திருக்கலாம். தற்செயல் என்று என்னால் நம்பமுடியவில்லை.

இந்த நூற்றாண்டில் பேய்க்கு வந்த சோதனை சட்டத்தின் வடிவில் வந்தது. வாணப்பொருள்கள்பற்றி ஐரோப்பிய ஒன்றியம் 2007 இல் ஒரு நெறிமுறை இயற்றியது. எந்த வயதினர் எவ்வகை வாணத்தைக் கையாளலாம், மக்களிடமிருந்து எத்தனை தொலைவில் கொளுத்தவேண்டும் என்பவற்றை அது வரையறுக்க முற்பட்டது. தொலைவு விட்டுக் கொளுத்தினால் அது கொர்ரபோக் ஆகாது. நெருப்பின் கீழே மனிதன் நிற்பதே அவ்விழாவின் பொருள். பேய்க்குழுக்கள் கிளர்ந்தெழுந்தன, கூட்டமைப்பினர் முறையிட்டனர். பாதுகாப்புக் கேட்டோரையும் நாம் பழிக்கலாகாது. தீப்புண்ணும் செவிக்கேடும் கற்பனையல்ல. முடிவில், 2010 மே மாதத்தில் ஸ்பெயின் அரசு பிறப்பித்த 563 ஆம் எண் ஆணை ஒரு வழி கண்டது. பண்பாட்டு மரபென ஏற்கப்பட்ட விழாக்களுக்குத் தனி விதி வகுத்தது. பேயாக ஆடுவோர் வெடிமருந்தைக் கையாளும் பயிற்சி பெறவேண்டும். குழுவுக்குப் பொறுப்பாளர் வேண்டும். பெற்றோர் இசைவோடு எட்டு வயதுச் சிறுவரும் தங்கள் குழுவில் ஆடலாம். நரகத்துப் பேய் சான்றிதழ் பெற்றுத்தான் தெருவுக்கு வரவேண்டும் என்றாகிவிட்டது. வெர்சோட் பாடும் பேய்களுக்கு இதைவிடச் சுவையான பாட்டுப்பொருள் கிடைத்திருக்காது.

கொள்ளைநோய் பரவிய 2020 இல் பார்சிலோனாத் தெருக்களில் கொர்ரபோக் இல்லை. பெர்காவில் அவ்வாண்டும் 2021 இலும் பத்தூம் நடைபெறவில்லை. 2022 சூனில் சான் பெரெ சதுக்கத்தில் மீண்டும் முரசு ஒலித்தது. அவ்விழாவின் வெள்ளிக்கிழமை சிறுவர்க்கு உரியது. பெரியோர் ஆடும் அத்தனை உருவங்களையும் சிறிய அளவில் செய்து, சிறுவரே தூக்கி, சிறுவரே ஆடுவர்.